ஜப்பானிய விடுதி நடத்துவோருக்கு: கழிப்பறைப் பொத்தான்களின் படக்குறிகள் குறித்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய விடுதி உரிமையாளர்களுக்கு வணக்கம்.

இம்மடலின் ஜப்பானிய வடிவமும் உங்களுக்கு வரும். ஆயினும் முதலில் தமிழில் எழுதுகிறேன். இதற்குக் காரணமான என் அம்மாவுக்குத் தமிழ் மட்டுமே படிக்கத் தெரியும்.

சென்ற ஆண்டு என்னைப் பார்க்க வந்த அவரை ஒரு வெந்நீரூற்று விடுதிக்கு அழைத்துச் சென்றிருந்தேன். கழிப்பறைச் சுவரில் இருந்த பழைய பலகையில், எதை அழுத்தினால் தண்ணீர் வரும் என்பதைச் சொல்ல 'பெரிது', 'சிறிது' (அதாவது அதிக நீர், குறைந்த நீர்) எனப் பொருள்படும் இரண்டு ஜப்பானியக் கான்ஜி எழுத்துகள் மட்டுமே இருந்தன. கண்ணில் பட்ட சிவப்புப் பொத்தானை அம்மா அழுத்திவிட்டார்; அது அவசர அழைப்பு. பணியாளர்கள் பதறி ஓடிவந்தார்கள், மிகுந்த பரிவோடு நடந்துகொண்டார்கள். அப்படியிருந்தும் எஞ்சிய இரண்டு இரவுகளும் அவர் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார்.

இதற்கான தீர்வு உங்கள் நாட்டிலேயே இருக்கிறது. 2017 ஜனவரியில் ஜப்பானின் கழிப்பறைக் கருவித் தயாரிப்பாளர்கள் ஒன்றுகூடி, நிறுவனத்துக்கு ஒன்றாக இருந்த குறிகளைக் கைவிட்டு, எட்டுச் செயல்களுக்குப் பொதுவான எட்டுப் படக்குறிகளை அறிவித்தார்கள். அதே பயணத்தில், வேறோர் இடத்தில், அக்குறிகளில் இரண்டான பெரிய நீர்ச்சுழியும் சிறிய நீர்ச்சுழியும் வரைந்திருந்த பலகையின் முன் அம்மா சற்று நேரம் நின்றார். பிறகு யாரையும் கேட்காமல் சரியான பொத்தானை அழுத்தினார். ஆனால் புதிய கருவிகளில் வந்த இக்குறிகள், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய கருவிகளுக்குத் தாமாக வந்து சேருவதில்லை.

படக்குறியின் அருமையை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. தொட்டியிலிருந்து மூன்று கோடுகளாக ஆவி எழும் வெந்நீரூற்றுக் குறியை, சூடான உணவு என்று வெளிநாட்டவர் எண்ணிக்கொள்கிறார்கள் என்பதால், நீரில் மூவர் அமர்ந்திருக்கும் பன்னாட்டுக் குறியாக மாற்ற 2016இல் அரசு முன்மொழிந்தபோது, வெந்நீரூற்று ஊர்கள் எதிர்த்துக் குரல் கொடுத்தன; 2017இல் இரண்டில் எதையும் பயன்படுத்தலாம் என்று முடிவாயிற்று. அந்தப் பற்றை நான் மதிக்கிறேன். வாசலில் உள்ள குறிக்குக் காட்டிய அக்கறையைக் கழிப்பறைக்கும் காட்டுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

பொத்தான்களின் மேல் அந்த எட்டுக் குறிகளை ஒட்டுங்கள். விடுதியின் அழகுக்கேற்ப அவற்றை மாற்றி வரையவேண்டாம்; சில புதிய விடுதிகளில் ஆண், பெண் குறிகளே மெல்லிய கோடுகளாக இளைத்து, எந்தக் கதவு யாருக்கு என்று தெரியாமல் நிற்க நேர்கிறது. ஓரிடத்தில் பார்த்த குறியை அடுத்த இடத்திலும் அதே வடிவில் பார்த்தால்தான் அது எழுத்தறியாதவருக்கும் எழுத்தாகிறது. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கின் படக்குறிகளை வடிவமைப்பு விமர்சகர் மசாரு கட்சுமியின் தலைமையில் வரைந்த இளம் வடிவமைப்பாளர்கள், யாரும் எங்கும் பயன்படுத்தட்டும் என்று தங்கள் பதிப்புரிமையைக் கையெழுத்திட்டு விட்டுக்கொடுத்தது இதற்காகத்தான் என்று நான் கருதுகிறேன்.

அவசர அழைப்புப் பொத்தானை மற்றவற்றிலிருந்து தள்ளி வைத்து, அதற்கும் ஒரு படம் போடுங்கள். அடுத்த ஆண்டு அம்மா மீண்டும் வருகிறார். அதே விடுதிக்கு அவரை அழைத்துச் செல்ல எனக்கு விருப்பம்.

பணிவுடன்,
உங்கள் நாட்டில் வாழும் ஒரு தமிழர்