தனி விதி வந்தால் பொது விதி ரத்தா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை நடுப்பக்கத்தில் வந்த போர்ச் சட்டக் (போரில் நாடுகள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற விதிகள்) கட்டுரையைப் படித்தேன். ஒரு விஷயத்துக்கென்று தனி விதி இருந்தால் பொது விதி அங்கே செல்லாது, ஆகவே போர் மூண்டுவிட்டால் மனித உரிமை ஒப்பந்தங்களுக்கு வேலை இல்லை என்று கட்டுரையாளர் ஒரே வரியில் முடித்துவிட்டார். பாதி சரி, பாதி தப்பு. நான் வக்கீல் இல்லை, சேலம் கோர்ட்டில் முப்பது வருஷம் கேஸ் கட்டுகளைத் தூக்கிய குமாஸ்தா. ஆனால் இந்தத் 'தனி விதி, பொது விதி' சண்டை எங்களுக்குப் பழைய சரக்கு.

வாடகைக் கேஸ்களையே எடுத்துக்கொள்ளுங்கள். சொத்து மாற்றுச் சட்டம் 106-வது பிரிவில் நோட்டீஸ் கொடுக்காமல் எப்படிக் காலி செய்யச் சொல்லலாம் என்று குடியிருப்பவர் தரப்பில் கேட்பார்கள். வாடகைக் கட்டுப்பாட்டுக்குத் தனிச் சட்டம் இருக்கும்போது அந்த நோட்டீஸ் தேவையில்லை என்று 1979-ல், அதுவும் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில், உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள், அத்தோடு பேச்சு முடிந்தது. நாடுகளுக்கு நடுவே அப்படி முடியாது. எல்லாருக்குமாகச் சட்டம் போடுகிற ஒரு சபை அங்கே கிடையாது. ஒரு ஒப்பந்தத்தில் நூற்றைம்பது நாடுகள் கையெழுத்துப் போட்டிருக்கும், இன்னொன்றில் இரண்டே நாடுகள். இதில் எது தனி, எது பொது என்பதிலேயே தகராறு ஆரம்பித்துவிடும்.

அணு ஆயுதங்கள் பற்றி 1996-ல் சர்வதேச நீதிமன்றம் தந்த கருத்துரையைத்தான் கட்டுரையாளர் மனதில் வைத்து எழுதியிருக்க வேண்டும். ஆனால் அது சொன்னது வேறு. தன்னிச்சையாக உயிர் பறிக்கப்படக் கூடாது என்ற உரிமை போரிலும் தொடர்கிறது, எது 'தன்னிச்சை' என்று அளந்து பார்க்கும் அளவுகோல் மட்டும் போர்ச் சட்டத்திலிருந்து வரும் என்றது. அதாவது பொது விதி வீட்டை விட்டுப் போகவில்லை, திண்ணையில்தான் உட்கார்ந்திருக்கிறது. பாலஸ்தீனத்தில் இஸ்ரேல் கட்டிய சுவர் பற்றி அதே நீதிமன்றம் தந்த 2004 கருத்துரையில் இன்னும் விளக்கமாகவே, சில விஷயங்கள் போர்ச் சட்டத்துக்கு மட்டும், சில மனித உரிமைச் சட்டத்துக்கு மட்டும், சில இரண்டுக்கும் என்று பிரித்துக் காட்டினார்கள்.

எங்கள் ஏற்காடு மலைப்பாதை இதற்கு நல்ல உதாரணம். 20 கொண்டை ஊசி வளைவு. இடது பக்கம் போ என்பது ஊருக்கெல்லாம் பொது விதி; குறுகலான இடத்தில் இறங்குகிற வண்டி ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது மலைக்குரிய தனி விதி. அதற்காக அடிவாரம் தாண்டியதும் இடது பக்கம் என்பது ரத்தாகிவிடுமா? (சனி, ஞாயிறில் வரும் சில கார்க்காரர்கள் அப்படித்தான் நினைக்கிறார்கள், அது வேறு கதை.)

இதெல்லாம் நமக்கு எதற்கு என்று கேட்பவர்கள் குல்பூஷண் ஜாதவ் வழக்கைப் பார்க்கலாம். உளவாளி என்று சொல்லிப் பாகிஸ்தான் கைது செய்து மரண தண்டனை விதித்த இந்தியர் அவர். அவரை நம் தூதரகத்தார் சந்திக்கப் பாகிஸ்தான் விடவில்லை. துணைத் தூதரக உறவுகள் பற்றிய 1963 வியன்னா ஒப்பந்தத்தின் 36-வது பிரிவு அந்த உரிமையைத் தருகிறதே என்று இந்தியா கேட்டது. அதற்குப் பாகிஸ்தான், 2008-ல் நாம் இருவரும் தனியாக ஓர் உடன்பாடு போட்டோமே, பாதுகாப்புக் காரணத்துக்காகக் கைது என்றால் அந்தந்த வழக்கின் தன்மையைப் பார்த்து முடிவு செய்யலாம் என்று அதில் இருக்கிறதே, அதுதான் இங்கே செல்லும் என்றது. கட்டுரையாளரின் கணக்குப்படி பார்த்தால் அன்றைக்கு இந்தியா தோற்றிருக்க வேண்டும்! இரண்டே பேருக்குள் போட்டது, பின்னால் வந்தது, இதைவிடத் தனி விதி ஏது? ஆனால் 2019 ஜூலை 17 அன்று சர்வதேச நீதிமன்றம் 15-க்கு 1 என்று பாகிஸ்தான் 36-வது பிரிவை மீறியதாகத் தீர்ப்பளித்தது. வியன்னா ஒப்பந்தத்தின் 73-வது பிரிவு, நாடுகள் தங்களுக்குள் துணை ஒப்பந்தம் போட்டு அதை உறுதிப்படுத்தலாம், விரிவாக்கலாம் என்கிறது. 2008 உடன்பாட்டையும் அந்தக் கண்ணோடுதான் படிக்க வேண்டும், உரிமையைப் பிடுங்குகிற கருவியாகப் படிக்கக் கூடாது என்றார்கள். ஜாதவை விடுதலை செய்யச் சொல்லவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். தண்டனையை முறையாக மறுஆய்வு செய்யத்தான் உத்தரவு.

அப்புறம், எவ்வளவு தனி விதியானாலும் தாண்ட முடியாத வேலியும் உண்டு. இரண்டு நாடுகள் உட்கார்ந்து, எங்களுக்குள் இனப்படுகொலை செல்லும் என்று ஒப்பந்தம் எழுதினால் அது வெறும் காகிதம்தான். ஐ.நா. சாசனத்தின் 103-வது பிரிவுப்படி சாசனக் கடமையோடு மோதுகிற எந்த ஒப்பந்தமும் பின்னால்தான் நிற்க வேண்டும். தனி விதி பேசாத இடத்தில் பொது விதி முழுசாக வந்து உட்காரும் என்பதை ஐ.நா.வின் சர்வதேசச் சட்ட ஆணையத்தின் ஆய்வுக் குழுவும் 2006-லேயே எழுதி வைத்துவிட்டது.

அந்த ஒரு வரிக்கு மட்டும் சின்னதாக ஒரு திருத்தம் போட்டால் போதும், மற்றபடி கட்டுரை நன்றாகவே இருந்தது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வக்கீல் குமாஸ்தா,
அஸ்தம்பட்டி, சேலம்.