விடுப்பு வேறு, ஓய்வு வேறு: விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். பாளையங்கோட்டையில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். என் கணவர் சென்னையிலிருந்து பறக்கும் ஒரு பயணிகள் விமானத்தின் கேப்டன். எந்த நிறுவனம் என்று எழுதப் போவதில்லை. எழுதினால் விளக்கம் கேட்டு அவருக்குத்தான் கடிதம் வரும்.

2025 டிசம்பர் 5-ஆம் தேதி உங்கள் அலுவலகம் பிறப்பித்த உத்தரவைப் பற்றியது இந்த மடல். பின்னணியை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. விமானிகளின் பணிநேரம், ஓய்வு பற்றிய உங்கள் புதிய விதிகளில், அவர்களுடைய வாராந்திர ஓய்வுக்குப் பதிலாக எந்த விடுப்பையும் கணக்கில் காட்டக் கூடாது என்று ஒரு வரி இருந்தது. நீங்களே எழுதிய வரி. இண்டிகோ நிறுவனத்தின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் ஒரே நாளில் ரத்தாகி நாடே கூச்சலிட்டுக்கொண்டிருந்த அன்று, அந்த வரியை உடனடியாகத் திரும்பப் பெற்றீர்கள். அதை மீண்டும் சேர்க்க வேண்டும் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

அந்த வரி போனதால் என்ன ஆயிற்று என்பதை எங்கள் வீட்டில் நடந்ததை வைத்தே சொல்கிறேன்.

மார்கழி பிறந்து சில நாட்களில் என் அத்தை, அதாவது என் கணவருடைய தாயார், விடியற்காலையில் வாசல் தெளிக்கப் போய் வழுக்கி விழுந்துவிட்டார். இடுப்பெலும்பு முறிவு, ஆபரேஷன் என்று சொல்லிவிட்டார்கள். என் கணவர் ஒரே மகன். தன்னுடைய ஆண்டு விடுப்பிலிருந்து சில நாட்களை எடுத்துக்கொண்டு, நெல்லை எக்ஸ்பிரஸில் ஆர்.ஏ.சி. இருக்கையில் உட்கார்ந்தபடியே வந்து சேர்ந்தார். பார்க்க வந்த உறவினர் ஒருவர், சொந்த விமானத்திலேயே வாகைக்குளம் (தூத்துக்குடி) விமான நிலையத்தில் வந்து இறங்கியிருக்கலாமே என்று கேட்டார். கிண்டல் இல்லை, உண்மையாகவே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

பெண்கள் வார்டில் இரவில் ஆண்கள் இருக்கக் கூடாது. அதனால் உள்ளே நான், வராந்தாவில் அவர். மூன்று இருக்கைகளைச் சேர்த்துச் செய்த இரும்பு பெஞ்சு அது. ஒவ்வோர் இருக்கைக்கும் இடையில் ஒரு கைப்பிடி இருப்பதால் சாயலாம், படுக்க முடியாது. கண் அசந்தால் நர்ஸ் வந்து மருந்துச் சீட்டை நீட்டுவார். கீழே இருக்கும் மருந்துக் கடைக்குப் போய் வந்து உட்கார்ந்தால், அத்தை வலியில் முனகுவது கேட்கும். கதவருகில் வந்து நிற்பார். விடிவதற்கு முன்பே பக்கத்துக் கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை ஆரம்பித்துவிடும். ஆபரேஷனுக்கு முந்தின நாள் ரத்த வங்கிக்கும் ஆஸ்பத்திரிக்கும் அலைந்தார். ஆபரேஷன் அன்று தியேட்டர் வாசலில் நின்றார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. எந்த மகன்தான் உட்காருவான்?

அன்று மாலைதான் அவருடைய கைபேசிக்குத் திருத்தப்பட்ட ரோஸ்டர், அதாவது பணி அட்டவணை, வந்தது. நானும் பார்த்தேன். ரத்த வங்கிக்கு அலைந்த நாளும் தியேட்டர் வாசலில் நின்ற நாளும் சேர்த்து அதில் ‘வாராந்திர ஓய்வு’ என்று போட்டிருந்தது. தொடர்ந்து 48 மணி நேரம், அதில் இரண்டு உள்ளூர் இரவுகள், அதாவது இருக்கும் ஊரின் நேரப்படி இரண்டு இரவுகள். உங்கள் விதி கேட்பது அப்படியே இருந்தது. காகிதத்தில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. ஆக, அவருக்கு ஓய்வு கொடுத்தாகிவிட்டது. விடுப்பு முடிந்து சென்னைக்குத் திரும்பிய மறுநாளே விடியற்காலைப் பணி. அங்கே அவர் தங்கும் அறை வாசலில் கார் வந்து நிற்பது 3 மணிக்கு.

ஐயா, அந்த இரண்டு நாளில் எந்த மணி நேரத்தில் அவர் ஓய்வெடுத்தார் என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது எனக்குச் சொல்ல முடியுமா? இதுதான் ஓய்வு என்றால், அடுத்த ஆனியில் விடுப்பெடுத்து வந்து நெல்லையப்பர் தேரின் வடம் பிடித்து நான்கு ரத வீதிகளையும் சுற்றி வந்தாலும் அதுவும் ஓய்வுதான். வியர்வையோடு ஓர் ஓய்வு.

களைப்பாக இருந்தால் பறக்க முடியாது என்று விமானியே சொல்லலாம், விதி அதற்கு இடம் தருகிறது என்று நீங்கள் சொல்வீர்கள். சொன்னார். ரயிலிலிருந்து இறங்கி, அறைக்குப் போய், மாலைவரை புரண்டு படுத்துப் பார்த்துவிட்டு, தன்னால் பாதுகாப்பாகப் பறக்க முடியாது என்று தெரிவித்துவிட்டார். அதன்பின் இரண்டு காரியங்கள் நடந்தன. ஸ்டாண்ட்பையில், அதாவது கூப்பிட்டால் வரத் தயாராக, இருந்த வேறொரு கேப்டனை நடுராத்திரியில் எழுப்பினார்கள். அவரும் எந்த நிலையில் தூங்கிக்கொண்டிருந்தாரோ! இரண்டாவது, வாராந்திர ஓய்வு முழுமையாக அளிக்கப்பட்ட பிறகும் களைப்பு ஏற்பட்டது எப்படி என்று விளக்கம் கேட்டு இவருக்கு மின்னஞ்சல் வந்தது. மறைந்துபோன உங்கள் வரி இருந்திருந்தால் அந்தக் கேள்வியை அவர்கள் கேட்டிருக்க முடியாது. அதற்காகத்தான் அந்த வரியைத் திருப்பிக் கேட்கிறேன்.

எங்கள் தெருவில் எங்கள் வீட்டுக்குப் பெயரே ‘பைலட் வீடு’. கோயில் கொடைக்கு வரி வசூலிக்க வருகிறவர்கள் மற்ற வீடுகளில் எழுதும் தொகையை இங்கே எழுத மாட்டார்கள். பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பெற்றோர் வருவார்கள். அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் வெள்ளைச் சட்டை, தோளில் நான்கு பட்டை, நட்சத்திர ஓட்டல், பட்டனைத் தட்டினால் தானாகப் பறக்கும் விமானம். சம்பளம் நல்ல சம்பளம்தான். அதை மறைக்க நான் வரவில்லை. ஆனால் பயிற்சிக்காகக் கல்லிடைக்குறிச்சி வயலை விற்றதும், மீதிக்குக் கடன் வாங்கியதும் யாருக்கும் நினைவில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை சிமுலேட்டரில், அதாவது விமானம் போலவே இயங்கும் பயிற்சிக் கருவியில், உட்கார்ந்து தேர்ச்சி பெற வேண்டும் என்பதும், மருத்துவச் சோதனையில் ஏதாவது ஒன்று சரியில்லை என்றால் அன்றோடு சம்பாத்தியம் நின்றுவிடும் என்பதும் யாருக்கும் தெரியாது. தெரியாதவர்கள்மீது எனக்கு வருத்தம் இல்லை. அந்த நட்சத்திர ஓட்டலில் அவர் செய்கிற முதல் வேலை ஜன்னல் திரையின் இடுக்கு வழியாக வெயில் வராமல் துணிக் கிளிப் மாட்டுவது என்பதை ஊர்க்காரர்கள் எப்படி அறிவார்கள்? ஆனால் நீங்கள் அறிவீர்கள். அதுதான் வருத்தம்.

டிசம்பர் முதல் வாரத்தில் இந்தத் தெரியாமை இன்னொரு வடிவம் எடுத்தது. பைலட்டுகள் கூடுதல் ஓய்வு கேட்டதால்தான் விமானங்கள் நின்றன என்று ஊரெல்லாம் பேச்சு. சென்னை விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டு கல்யாணத்துக்கு வர முடியாமல் போன எங்கள் உறவினர் ஒருவர், உங்கள் வீட்டுக்காரருக்குத் தூக்கம் வந்ததால் எங்களுக்கு முகூர்த்தம் போயிற்று என்று என் முகத்துக்கு நேரே சொன்னார். இந்த விதிகள் 2024 ஜனவரியில் அறிவிக்கப்பட்டவை. அந்த ஆண்டு ஜூன் 1 முதல் அமலாக வேண்டியவை. தள்ளிப்போடப்பட்டு, டெல்லி உயர் நீதிமன்றம் வரை போய், 2025-இல் ஜூலையிலும் நவம்பரிலும் இரண்டு கட்டமாக வந்தவை. ஏறத்தாழ இரண்டு ஆண்டு அவகாசம். அதற்குள் போதிய விமானிகளை வைத்துக்கொள்ளாதது யார் பொறுப்பு? அந்த நேரத்தில் உங்கள் அலுவலகத்திலிருந்து இதை ஒரு வரியில் சொல்லியிருந்தால் நாங்கள் தெருவில் தலைநிமிர்ந்து நடந்திருப்போம். அதைச் சொல்வதற்குப் பதிலாக, இண்டிகோ நிறுவனத்துக்கு இரவுப் பணி விதிகளில் 2026 பிப்ரவரி 10 வரை சலுகை கொடுத்தீர்கள். கூடவே இந்த விடுப்பு வரியையும் எடுத்துவிட்டீர்கள். சலுகைக்காவது ஒரு முடிவு நாள் இருந்தது. விடுப்பு வரியை எடுத்ததற்கு அதுவும் இல்லை.

வாராந்திர ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக நீங்கள் உயர்த்தியபோது டெல்லியில் அது வெறும் 12 மணி நேரமாகத் தெரிந்திருக்கலாம். சென்னையில் வேலையும் பாளையங்கோட்டையில் குடும்பமும் இருக்கிறவருக்கு அந்த 12 மணி நேரம் என்பது சொந்த வீட்டில் ஓர் இரவு. 36 மணி இருந்த காலத்தில் வருவதற்கு ஓர் இரவு ரயில், போவதற்கு ஓர் இரவு ரயில், நடுவில் ஒரு பகல். அந்தப் பகலிலும் அவர் தூங்குவார். பிள்ளைகள் சத்தம் போடாமல் விளையாடப் பழகிக்கொண்டார்கள். சென்னைக்கே குடிபோயிருக்கலாமே என்பீர்கள். போயிருந்தாலும் அத்தை விழுந்தபோது இதே விடுப்பு, இதே பெஞ்சு, இதே ரோஸ்டர்தான்.

தூக்கம் கெட்ட விமானி என்ன செய்வார் என்பதற்கு உங்கள் அலமாரியிலேயே அறிக்கை இருக்கிறது. 2010 மே 22 அன்று மங்களூரில் ஓடுபாதையைத் தாண்டி விழுந்து 158 பேரைப் பலிகொண்ட விமானத்தில், கேப்டன் பயணத்தின் பெரும் பகுதி தூங்கிக்கொண்டிருந்ததையும், விழித்த பிறகும் தெளியாத மந்த நிலையையும் விசாரணை நீதிமன்றம் குறிப்பிட்டது. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன் ரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவரின் அளவுக்கு இறங்கிவிடுகிறது என்று 1997-இலேயே ஆய்வாளர்கள் அளந்து காட்டிவிட்டார்கள். பறப்பதற்கு முன் என் கணவர் கருவியில் ஊதிக் காட்ட வேண்டும். மது துளியும் இருக்கக் கூடாது. முழுக்க முழுக்க நியாயமான விதி. அத்தனை கறாரான அதே அலுவலகம்தான் ஆஸ்பத்திரி வராந்தாவை ஓய்வு என்று எழுதிக்கொள்ள அனுமதிக்கிறது.

சொல்லப்போனால் இது விமானிகளோடு நிற்கிற விஷயமும் இல்லை. அன்றிரவு அத்தையைப் பார்த்துக்கொண்ட நர்ஸ், மாற்று ஆள் வராததால் அடுத்த ஷிஃப்டையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ரயில் ஓட்டுநர்கள் ஓய்வு கேட்டுப் போராடுவதைச் செய்தித்தாளில் படிக்கிறோம். படித்துவிட்டு ரயில் தாமதமானால் அவர்களைத்தான் திட்டுகிறோம். இந்த நாட்டில் ஓய்வு கேட்பவன் சோம்பேறி, கேட்காமல் சுருண்டு விழுபவன் தியாகி. வாகைக்குளத்தில் சுமார் 1,350 மீட்டராக இருந்த ஓடுபாதையை 3,115 மீட்டராக நீட்டி, புதிய முனையம் கட்டி, 2025 ஜூலையில் பிரதமரே வந்து திறந்து வைத்தார். எங்களுக்கும் பெருமைதான். கான்கிரீட்டை நீட்டுவதற்கு இருக்கிற மனம் மனிதனின் தூக்கத்தை நீட்டுவதற்கு ஏன் வருவதில்லை? பிடிக்கவில்லை என்றால் வேலையை விட்டுவிடலாமே என்று சிலர் சொல்கிறார்கள். கேப்டன் விலக வேண்டுமானால் ஓராண்டு முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும் என்பதும் உங்கள் விதிதான். அந்த விதியை எந்த நெருக்கடியிலும் யாரும் திரும்பப் பெற்றதாக நான் கேள்விப்படவில்லை.

குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. வகுப்பறைப் பழக்கம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பணிவாகவே கேட்கிறேன். விடுப்பை வாராந்திர ஓய்வாகக் கணக்கிடக் கூடாது என்ற வரியை மீண்டும் விதியில் சேருங்கள். விடுப்பு என்பது தாயாருக்காக, பிள்ளைக்காக, ஊர்க் காரியத்துக்காக அவர் தன் கணக்கிலிருந்து எடுப்பது. ஓய்வு என்பது அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் பயணிகளுக்காக நீங்கள் கட்டாயமாக்கியது. ஒன்றை எடுத்து இன்னொன்றை அடைக்க நிறுவனங்களுக்கு அனுமதி கொடுக்காதீர்கள். களைப்பு என்று தெரிவித்த விமானியிடம் குற்றவாளியிடம் கேட்பதுபோல் விளக்கம் கேட்பதையும் நிறுத்தச் சொல்லுங்கள். 2026 பிப்ரவரி 10-க்குப் பிறகு இரவுப் பணிச் சலுகையை ஒரு நாள்கூடத் தர வேண்டாம்.

அந்த வரியை எடுப்பதற்கு உங்களுக்கு ஒரு பக்க உத்தரவு போதுமானதாக இருந்தது. திரும்பச் சேர்ப்பதற்கும் ஒரு பக்கம் போதும். எனக்குத் தனியாகப் பதில் எழுத வேண்டியதில்லை; அந்த ஒரு பக்கத்தை விமான நிறுவனங்களுக்கு அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு விமானியின் மனைவி,
பாளையங்கோட்டை