பாவாவை விட்டுவிட்டீர்களே!

ஆசிரியர் அவர்களுக்கு,

மேலைநாடுகளில் இஸ்லாமிய மெய்ஞ்ஞானிகளான சூஃபிகளுக்கு உள்ள வரவேற்பு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பாரசீகக் கவிஞர் ரூமி, அவர் வாழ்ந்த துருக்கி நகரமான கொன்யா, வெள்ளை அங்கியில் சுழலும் மெவ்லவி தரீக்காவினர் (ரூமி வழிவந்த சூஃபிப் பிரிவினர்), பரோடாவில் பிறந்து 1910-இல் அமெரிக்கா போன வீணைக் கலைஞரும் சூஃபியுமான இனாயத் கான் என்று நிறையச் சொல்லியிருந்தார்கள். ஆனால் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் சூஃபி ஞானி பாவா முகையதீன் பெயர் ஓரிடத்தில்கூட இல்லையே என்று மனசு கேட்கவில்லை.

இலங்கையிலிருந்து 1971-இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகருக்குப் போனவர் அவர். 1986-இல் மறையும்வரை பேசியதும் பாடியதும் தமிழில்தான். சீடர்கள் ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்ல, அமெரிக்க இளைஞர்கள் அவர் முன் உட்கார்ந்து கேட்டார்கள்.

தொழுகையையும் சட்டதிட்டங்களையும் கழற்றிவிட்டதால்தான் சூஃபி வழி மேற்கில் எடுபட்டது என்கிறது கட்டுரை. இனாயத் கான் விஷயத்தில் அது ஓரளவு சரி. யாரையும் அவர் மதம் மாறச் சொல்லவில்லை. பாவாவின் சீடர்களோ 1984-இல் பள்ளிவாசலே கட்டினார்கள்.

மேலப்பாளையத்தில் சின்ன வயதிலிருந்தே ராத்திபுக்கு (கூடி உட்கார்ந்து இறைவனைத் துதிக்கும் நிகழ்வுக்கு) போகிறவன் நான். இஷா எனும் இரவுத் தொழுகை முடிந்ததும் ஜமுக்காளம் விரித்து வட்டமாக உட்காருவோம். குர்ஆனின் முதல் அத்தியாயமான ஃபாத்திஹா ஓதி ஆரம்பிப்பார்கள். 'லா இலாஹ இல்லல்லாஹ்' (அல்லாஹ்வைத் தவிர வேறு இறைவன் இல்லை) மெதுவாகத்தான் எழும்பும். போகப்போக வேகம் பிடித்து, யார் குரல் எது என்றே தெரியாது. அப்புறம் சலவாத் (நபிக்கு வாழ்த்து), துஆ (வேண்டுதல்), நார்சா (பகிர்ந்து தரும் தின்பண்டம்). தொழுகையை விட்டுவிட்டு அந்த வட்டத்தில் உட்கார எங்களுக்குத் தோன்றாது. காயல்பட்டினத்தில் ஷாதுலிய்யா என்ற சூஃபிப் பிரிவின் ஜாவியாவில் (மடத்தில்) எழுந்து நின்று கைகோத்து ஹள்ரா எனும் இறைதுதி செய்கிறவர்களும் அப்படித்தான். (இதையெல்லாம் பித்அத், அதாவது மார்க்கத்தில் இல்லாத புதுமை, என்பவர்கள் எங்கள் ஊரிலேயே உண்டு. அந்த வாதம் தனி.)

ரூமியும் கொன்யாவில் பாடம் நடத்திய ஆலிம்தான் (மார்க்க அறிஞர்தான்). 1925-இல் துருக்கி அரசு தரீக்கா மடங்களை மூடியது. 1950-களில் சுழற்சியைக் கலைநிகழ்ச்சியாகத்தான் மறுபடி அனுமதித்தது. வெளிநாட்டார் அதை நடனம் என்று நினைக்க இதுவும் ஒரு காரணம். நாமும் அப்படியே எழுதலாமா?

தென்காசியில் பிறந்து தக்கலையில் அடங்கியிருக்கும் சூஃபிக் கவிஞர் பீர்முகம்மது அப்பாவின் ஞானப்புகழ்ச்சி என்ற பாடல் நூலை ஆண்டுதோறும் ரஜப் மாதத்தில் இரவு முழுக்கப் பாடுகிறார்கள். அடுத்த முறை உங்கள் செய்தியாளர் ஒருவரைத் தக்கலைக்கு அனுப்புங்கள். விடியும்வரை இருந்து கேட்டுவிட்டு எழுதட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மேலப்பாளையம், திருநெல்வேலி