கரும்பலகையை மறைத்து ஸ்மார்ட் போர்டு மாட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஸ்மார்ட் போர்டு வந்தால் அரசுப் பள்ளியின் முகமே மாறிவிடும் என்ற உங்கள் தலையங்கம் கண்டேன். இதயம் துடிப்பதைக் காட்ட அந்தத் திரையை மிஞ்ச ஏதுமில்லை. மூன்றாம் வகுப்புக் கணக்கில் கதை வேறு.

403-இல் 178-ஐக் கழிக்கச் சொன்னால் சில பிள்ளைகள் 375 என்று எழுதும். மேலே கீழே பாராமல் பெரிய எண்ணிலிருந்து சின்னதைக் கழித்துவிடுவார்கள்: 8-இல் 3 போக 5, 7-இல் 0 போக 7, 4-இல் 1 போக 3. திரையில் ஓடும் வினாடி வினா தவறு என்று சிவப்பில் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குத் தாவிவிடும். நோட்டைத் திருத்தும் ஆசிரியருக்கோ 375-ஐப் பார்த்ததுமே எங்கே சறுக்கியது என்று தெரியும். பத்துகள் இடத்தில் 0 இருப்பதால் நூறுகள் வரை போய்த்தான் கடன் வாங்க வேண்டும். 4-ஐ அடித்து 3, 0-வை 10 ஆக்கி அதில் ஒன்றைக் கொடுத்து 9, கடைசியில் 3 இருந்த இடத்தில் 13; விடை 225. அடித்த எண்ணும் மேலே எழுதிய எண்ணும் பீரியடு முடியும்வரை கரும்பலகையில் நிற்கும். காணொளியில் அடுத்த காட்சி வந்து அதை விழுங்கிவிடும்.

அடுத்தது பராமரிப்பு. ப்ரொஜெக்டர் வைத்த போர்டு என்றால், அது ஓர் அங்குலம் நகர்ந்தால் போதும், பேனா வைப்பது ஓரிடம், கோடு விழுவது வேறிடம். மறுபடி புள்ளி புள்ளியாகத் தொட்டுச் சரிசெய்ய வேண்டும். வடிகட்டியில் சாக்பீஸ் தூள் அடைத்தால் சூடேறித் தானாக அணைந்துவிடும். யுபிஎஸ் பேட்டரி மூன்று நான்கு ஆண்டில் ஓய்ந்துவிடும். பிறகு கரண்ட் போய் வரும்போதெல்லாம் கணினி எழுந்து வரும்வரை பிள்ளைகள் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். 31 முதல் 100 பிள்ளைகள் உள்ள பள்ளிக்கு ஆண்டு மானியம் 25,000 ரூபாய். சாக்பீஸும் துடைப்பமும் அதில்தான். பேட்டரியும் அதிலேயே என்றால் எப்படி?

முன்பும் இப்படி நடந்ததுண்டு. 1975 ஆகஸ்டில் ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்கு அமெரிக்காவிடம் இரவல் வாங்கிய செயற்கைக்கோள் வழியே பள்ளித் தொலைக்காட்சி வந்தது, காலையில் 22½ நிமிடம். ஓராண்டில் அமெரிக்கா தன் செயற்கைக்கோளைத் திருப்பிக்கொண்டது! பல ஊர்களில் பெட்டி இருந்தது, பாடம் நின்றது.

இனி வரும் டெண்டர்களில் வாரண்டிக்குப் பிந்தைய பேட்டரிச் செலவையும் சேர்க்கட்டும். திரையைப் பக்கவாட்டுச் சுவரில் மாட்டட்டும். 75 அங்குலத் திரை ஏறக்குறைய ஐந்தரை அடி அகலம். 10 அடிக் கரும்பலகையின் நடுவில் அதை மாட்டினால் இருபுறமும் இரண்டேகால் அடிதான் மிஞ்சும். கடன் வாங்கிக் கழிப்பதைக் கடைசி வரிசைக்கும் தெரியும்படி எழுத அந்த இடம் போதாது.

இப்படிக்கு,
தொடக்கப் பள்ளி ஆசிரியர்,
மணப்பாறை.