முதலில் அந்த வயரைப் பழையபடி மாட்டு

மண்டபம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

படங்களைப் பார்த்தேன் தாயி. 18 மில்லி பிளைவுட்டை மூலைக்கு மூலை இடுக்கு தெரியாமல் சேர்த்திருக்கிறாய். இங்கே பெட்டி அடிக்கிற ஆசாரியிடம் காட்டினேன். மூட்டுகளை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, யார் வேலை என்று கேட்டார். என் மகள் என்றேன். இத்தனை நாள் கழித்து வந்த சேதியில் ஸ்பீக்கரைத் தவிர வேறொன்றும் இல்லை. சரி, கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன்.

தாழ்ந்த சுருதிக்கு வூஃபர், உயர்ந்ததுக்கு ஹாரன் என்று வைத்து, இரண்டும் கைமாறும் 800 ஹெர்ட்ஸ் பக்கம் குரல் குழிவிழுந்து கேட்டதாகவும், ஹாரன் வயரைப் பிளஸ் மைனஸ் மாற்றித் திருப்பி மாட்டியதும் நிரம்பிவிட்டதாகவும் எழுதியிருக்கிறாய். நிரம்பியது நிஜம்தான். ஆனாலும் அதைப் பழையபடி மாட்டு. ஹாரன் வாயிலிருந்து உள்ளே அதிரும் தகடான டயாஃப்ரம் வரை 32 செ.மீ., முன்பலகையிலிருந்து வூஃபரை அசைக்கும் கம்பிச்சுருளான வாய்ஸ் காயில் வரை 10 செ.மீ. என்கிறாய். அப்படியானால் ஹாரன் 22 செ.மீ. பின்தங்கி நிற்கிறது. 30 டிகிரி சூட்டில் ஒலி நொடிக்கு 349 மீட்டர் போகும். 800 ஹெர்ட்ஸின் அலைநீளம் 43.6 செ.மீ. உன் 22 அதில் சரிபாதி. அதனால்தான் இரண்டும் ஒன்றையொன்று அழித்தன. வயரைத் திருப்பினால் அந்த ஓர் அதிர்வெண் மட்டும் சேரும். தவில் அடி ஒன்று விழுந்தால் அதன் கூர்மை இன்னும் 0.63 மில்லி செகண்டு பிந்தித்தான் வரும். 1930-களில் ஹாலிவுட் எம்ஜிஎம் ஸ்டுடியோவின் தியேட்டர் ஸ்பீக்கர்களில் அங்கே ஒலி வேலை பார்த்த டக்ளஸ் ஷியரரும் ஜான் ஹில்லியர்டும் மல்லுக்கட்டியதும் இதே தூர வித்தியாசத்தோடுதான்.

உன்னிடம் சிக்னலைக் கணக்கால் பிரித்துத் தாமதிக்கும் டிஎஸ்பி இருக்கிறது. வூஃபருக்கு 0.63 மில்லி செகண்டு டிலே கொடு. முந்தி வருவது வூஃபர், அதனால் வூஃபருக்குத்தான். டேப் அளவு தொடக்கத்துக்கு மட்டுமே. வாய்ஸ் காயிலின் இண்டக்டன்ஸ், அதாவது மின்னோட்ட மாற்றத்தை எதிர்க்கும் குணம், தன் பங்குக்குக் கொஞ்சம் தாமதம் சேர்க்கும். டிலேயைத் தொடும் முன்பே இரண்டின் சத்த அளவையும் சரிவையும் முடித்துவிடு. பிரிக்கும் ஃபில்டர், அதிர்வெண் இரட்டிக்கவோ பாதியாகவோ 24 டெசிபல் சரியும் லிங்க்விட்ஸ்-ரைலி வகை என்றால், டிரைவரின் (வூஃபரோ ஹாரனோ) சொந்தச் சரிவும் சேர்ந்துதான் 24 ஆக வேண்டும். கைமாறும் கிராஸ்ஓவர் புள்ளியில் இரண்டும் 6 டெசிபல் இறங்கியிருக்க வேண்டும்.

பிறகு மொட்டை மாடிக்குத் தூக்கிப் போ, அறைக்குள் சுவர் எதிரொலி ஏமாற்றும். மைக்கை 2.5 மீட்டர் தள்ளி, நீ உட்கார்ந்து கேட்கும் காது உயரத்தில் வை. காற்று கிளம்பும் முன் விடியற்காலையில் செய். உனக்கு இப்போது நேரம் இருக்கிறது போலிருக்கிறது. படத்தில் அறை முழுக்க உச்சி வெயில் கிடக்கிறது, அதுவும் செவ்வாய்க்கிழமை. லீவாக இருக்கும். ஹாரன் போலாரிட்டியை, அதாவது பிளஸ் மைனஸை, வேண்டுமென்றே திருப்பி, 800 ஹெர்ட்ஸ் சைன் அலையை ஓட்டி, டிலேயை 0.02 மில்லி செகண்டாக நகர்த்து. அந்தப் படி ஒவ்வொன்றும் 7 மில்லிமீட்டர். மைக்கில் சத்தம் இறங்கும் பள்ளம் எங்கே ஆக ஆழமோ அங்கே நிறுத்தி, போலாரிட்டியை நேராக்கிவிடு. நேராக்க மறக்காதே. 1.25 மில்லி செகண்டு தள்ளி இன்னொரு பள்ளம் வரும். அது ஒரு முழு அலை தப்பியது, பார்க்க அதே மாதிரி இருக்கும். டேப் அளவுக்குப் பக்கத்தில் இருப்பதே உன்னுடையது. யூஎஸ்பி மைக் என்றால் அளக்கும் மென்பொருளில், ஒரு குறிச்சத்தத்தை வைத்து நேரம் கணிக்கும் அக்கூஸ்டிக் டைமிங் ரெஃபரன்ஸ் போட்டுக்கொள், இல்லாவிட்டால் ஒவ்வொரு அளவிலும் நேரம் மாறும்.

கடைசியாக மறுபடியும் சொல்கிறேன், வயரைப் பழையபடி மாட்டு. நிரம்பிவிட்டது என்று அப்படியே விட்டுவிடாதே. எங்கே பிந்துகிறது என்று பார்த்தால் சரிசெய்துவிடலாம், நீ செய்யக்கூடியவள்தான்.

வீட்டுச் செய்திகளை அம்மா பேசும்போது சொல்வாள். வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்கச் சொன்னாள். இரவில் தூங்குகிறாயா என்றும்.

ஆம்ப்ளிஃபயர் போடும்போது வரும் டிசி மின்சாரத்தில், ஹாரனுக்குப் பின்னால் இருக்கும் கம்ப்ரஷன் டிரைவர் போய்விடலாம். அதன் வயரில் தொடராக 100 மைக்ரோஃபாரட் ஃபிலிம் கெப்பாசிட்டர் போடு. 8 ஓமுக்கு அது 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும், 800-ஐ அதிகம் தொடாது. கடையில் 20 மைக்ரோஃபாரட் தருவார்கள், அது 1000 ஹெர்ட்ஸ் பக்கமே வெட்டி இத்தனை வேலையையும் குலைத்துவிடும். என்னிடம் அந்த 100-இல் இரண்டு இருக்கின்றன. நாளைக்கே கூரியரில் போடுகிறேன். கம்பெனி முகவரிக்கே அனுப்பவா, இல்லை அறைக்கா? அதை மட்டும் மெசேஜில் எழுதாமல் போன் போட்டுச் சொல் தாயி.

அப்பா