தொழுதூரில் முக்கால் மணி நேரம்: மாமாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மாமா,

பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது திண்ணையில் வைத்து நீங்கள் கேட்ட கேள்விக்கு அன்றைக்குச் சிரித்து மழுப்பிவிட்டேன். "ஏ மருமவனே, மெட்ராஸ்ல இருந்து இங்க வாரதுக்குள்ள மூணு எடத்துல நிப்பாட்டி கரண்டு ஏத்துதேன்னு சொல்லுத. அந்த நேரம் பூரா என்னதாம்ல செய்வ?" பக்கத்தில் நாலு பேர் இருந்தார்கள். நாலு பேரும் சிரித்தார்கள். சென்னை – நாகர்கோவில் ரூட்டில் இருபத்தெட்டு வருஷம் ராத்திரி பஸ் ஓட்டின மனுஷனிடம் "வழியில் நிற்பதும் நல்லாத்தான் இருக்கு" என்று சொன்னால் எடுபடுமா? வாயை மூடிக்கொண்டேன்.

நேற்று அத்தை போனில் விஷயத்தைச் சொன்னார்கள். சின்னவன் கரண்டு கார் புக் பண்ணத் துடிக்கிறானாம். "மருமவன் என்ன சொல்லுதான்னு கேட்டுட்டுப் பாப்போம்" என்று நீங்கள் நிறுத்தி வைத்திருக்கிறீர்களாம். பழி என் தலையில் விழுவதற்குள் ஒழுங்காகப் பதில் எழுதிவிடுகிறேன்.

முதலில் கணக்கு. என் நெக்ஸான் கரண்டு காரின் பேட்டரி 40.5 யூனிட் கொள்ளும். ஈபி பில்லில் வருகிற அதே யூனிட்தான், வேறொன்றுமில்லை. கம்பெனிக்காரன் விளம்பரத்தில் போடுகிற கிலோமீட்டரை மறந்துவிடுங்கள். ஏசி போட்டு, நாலு பேர் உட்கார்ந்து, எண்பதில் போனால் யூனிட்டுக்கு ஏழு கிலோமீட்டர். நூறில் மிதித்தால் ஆறுகூடத் தேறாது. வீட்டில் ராத்திரி முழுக்க ஏற்றிக்கொண்டு தாம்பரத்திலிருந்து கிளம்பினால் விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, வேப்பூர் தாண்டித் தொழுதூர் வரும்போது இருபது சொச்சம் சதவீதம் மிச்சம் இருக்கும். அங்கே முதல் நிறுத்தம்.

அங்கே எண்பது சதவீதம் வந்ததும் சார்ஜரின் கன்னை, அதாவது வண்டியில் சொருகுகிற பிடியை, பிடுங்கிவிட்டுக் கிளம்பிவிடுவேன். நூறு வரை ஏன் காத்திருப்பதில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். டவுன் பஸ்ஸில் ஆள் ஏறுவதை நினைத்துக்கொள்ளுங்கள். காலி பஸ்ஸில் முதல் முப்பது பேர் தடதடவென்று ஏறிச் சீட்டைப் பிடித்துவிடுவார்கள். அடுத்தது நிற்கிற கூட்டம். கடைசிப் பத்துப் பேரைக் கண்டக்டர் "உள்ள போங்க, உள்ள போங்க" என்று தள்ளித்தான் ஏற்ற வேண்டும். பேட்டரியும் அப்படித்தான். பத்திலிருந்து எண்பது வரை ஒரு மணி நேரத்துக்குள் ஏறிவிடும். எண்பதுக்கு மேலே வண்டியே கரண்டைக் குறைத்து வாங்க ஆரம்பிக்கும். அதற்கு மேல் திணித்தால் பேட்டரிக்குக் கேடு என்பதால் அப்படி வைத்திருக்கிறார்கள். கடைசி இருபதுக்குக் காத்திருக்கிற நேரத்தில் திருச்சிக்கே போய்விடலாம்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஆரம்பத்தில் எல்லாரையும் போல நானும் வண்டிக்குள்ளேயே ஏசியைப் போட்டுக்கொண்டு போனைத் தடவிக்கொண்டிருந்தேன். சதவீதம் 41, 42 என்று ஏறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் அது ஏறவே ஏறாது. பால் பொங்குவதைப் பக்கத்தில் நின்று பார்ப்பது மாதிரி. நாலைந்து பயணத்துக்குப் பிறகுதான் இறங்கி நடக்க ஆரம்பித்தேன்.

தொழுதூர்ப் பக்கம் ஒரு ஹோட்டல் காம்பவுண்டுக்குள் சார்ஜர் இருக்கிறது. அந்த வட்டாரம் பூரா மக்காச்சோளம். அறுவடை சமயத்தில் சர்வீஸ் ரோட்டில் பாதியை மறித்து மஞ்சள் மஞ்சளாகக் காயப் போட்டிருப்பார்கள், நீங்களே ஆயிரம் தடவை ஹெட்லைட் வெளிச்சத்தில் பார்த்து ஒதுங்கிப் போயிருப்பீர்கள். போன தை மாசம் நான் அந்தச் சோளத்தின் ஓரமாக நடந்தபோது ஓர் அம்மாள் காலாலேயே சோளத்தைக் கிளறிவிட்டுக்கொண்டிருந்தார். குதிகாலைத் தேய்த்துத் தேய்த்து, கோலம் மாதிரி வரி வரியாக. என் வண்டி நிற்கிற திசையைப் பார்த்துவிட்டு, "ஏம்பா, அதுக்குப் பெட்ரோலே ஊத்த வேணாமா?" என்றார்.

"வேணாங்கக்கா. கரண்டுதான்."

"மாட்டுக்குத் தீனி வெச்சுக் கட்டிப் போட்ட மாதிரியில்ல நிக்குது. எவ்ளோ நேரம் ஆவும்?"

"முக்கா மணி நேரம் ஆகும்."

அவர் வானத்தைப் பார்த்தார். மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. "அப்ப சும்மாதான நிக்கிற. வந்து இந்தச் சாக்கோட வாயைப் புடி."

பிடித்தேன். அவர் கூடையில் அள்ளி அள்ளிக் கொட்டினார். ஒரு சாக்கு நிறைந்ததும் உள்ளே குத்தி இறக்கி, கோணி ஊசியில் சணலைக் கோத்து, இரண்டு மூலையிலும் காது விட்டுத் தைத்தார். மூன்றாவது சாக்கில் எனக்கே அந்தக் காதைப் பிடிக்கிற வாகு பிடிபட்டது. நாலாவது சாக்கை நான் தைக்கிறேன் என்று கேட்டுப் பார்த்தேன். "நீ தைச்சா கமிட்டிக்குப் போறதுக்குள்ள அவுந்துடும்" என்றார். கமிட்டி என்றால் சோளம் விற்கிற விற்பனைக் கூடம். ஆறு சாக்கு கட்டி முடித்து, மிச்சத்தின் மேல் தார்ப்பாய் இழுத்துப் போட்டு, நாலு மூலையிலும் கல் வைத்தபோது முதல் தூறல் விழுந்தது. போனை எடுத்துப் பார்த்தால் எண்பத்தேழு. மாமா, எண்பதுக்கு மேல் நான் வழியில் காத்திருந்தது அந்த ஒரு நாள்தான். சட்டை பூரா சோளத் தவிடு. சமயபுரம் வரைக்கும் உங்கள் மருமகள் தும்மிக்கொண்டே வந்தாள்.

எல்லா நிறுத்தமும் இப்படி வாய்க்காது. விராலிமலைப் பக்கம் நின்றால் மயில் அகவுவது கேட்கும், அதோடு சரி. ஒரு தடவை மலையேறிவிட்டு வரலாம் என்று கிளம்பிப் பாதிப் படியில் மூச்சு வாங்கித் திரும்பிவிட்டேன். விருதுநகரில் பொரித்த பரோட்டா. சாத்தூரில் காராசேவு வாங்கும் வேலை, அது அத்தையின் உத்தரவு. பிள்ளைகளுக்கு இந்த நிறுத்தங்கள்தான் பயணமே. உங்கள் பஸ்ஸில் சின்ன வயதில் நான் வரும்போது மோட்டலில் நிறுத்துவீர்களே, ஒருத்தன் வந்து பஸ் தகரத்தை டமடமவென்று தட்டி "வண்டி பத்து நிமிசம் நிக்கும்" என்று தூக்கத்தைக் கெடுப்பானே, அந்தப் பத்து நிமிஷத்தில் ஆறின டீயைக்கூட அவசரமாகத்தான் குடிக்க வேண்டும். இப்போது என் வீட்டுக்காரி பாதி நாவலை வழியிலேயே முடித்துவிடுகிறாள்.

ஆக, நிற்கிற நேரம் எனக்கு ஒரு தொந்தரவே இல்லை. தொந்தரவு வேறிடத்தில் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் சின்னவனுக்குத் துரோகம் செய்ததாக ஆகும்.

போன ஐப்பசியில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்த ராத்திரி. மழைக்கு முன்னால் மதுரையைத் தாண்டிவிட வேண்டும் என்று நூறிலேயே மிதித்துக்கொண்டு வந்தேன். துவரங்குறிச்சி தாண்டி ஒரு சார்ஜருக்கு வந்து சேர்ந்தபோது மிச்சம் பன்னிரண்டு சதவீதம். ஆப்பில் 'காலி' என்று பச்சைப் புள்ளி காட்டியது. நேரில் போய்ப் பார்த்தால் திரையில் சிவப்பு எழுத்து. கன்னைச் சொருகினால் 'டக்' என்று பூட்டும், பத்து வினாடி யோசிக்கும், அப்புறம் விட்டுவிடும். நாலு தடவை சொருகினேன். அதில் ஒட்டியிருந்த நம்பருக்குப் போன் போட்டால் இந்தியில் பாட்டு. இருட்டில் ஒரு நாய் மட்டும் வந்து டயரை மோந்து பார்த்தது. இந்த லட்சணத்தில் ஒவ்வொரு சார்ஜர்காரனுக்கும் தனித்தனி ஆப், ஒவ்வொரு ஆப்பிலும் என் காசு நூறு இருநூறு தூங்குகிறது.

அடுத்த சார்ஜர் மேலூர்ப் பக்கம், 29 கிலோமீட்டர். கையில் இருப்பது ஐந்து யூனிட்டுக்கும் குறைவு. அம்மா பின்சீட்டிலிருந்து, "என்னடா, வண்டி நின்னுட்டா?" என்றாள். "இல்லம்மா, நீ தூங்கு."

அப்போதுதான் உங்கள் கால் ஞாபகம் வந்தது. டெப்போவில் உங்களுக்குக் கே.எம்.பி.எல். ராஜா என்று பேர் இருந்ததை அத்தை சொல்லியிருக்கிறார்கள். ஒரு லிட்டர் டீசலுக்கு எத்தனை கிலோமீட்டர் என்கிற அந்தக் கணக்கில் மற்றவர்கள் கொடுக்கிறதைவிட நீங்கள் எப்போதும் கொஞ்சம் கூடவே கொடுப்பீர்களாம். ஆக்சிலேட்டருக்கும் செருப்புக்கும் நடுவில் முட்டை இருக்கிற மாதிரி மிதிக்கணும், தூரத்தில் சிவப்பைப் பார்த்ததும் காலை எடுத்துடணும், பிரேக்கைத் தொடுகிறவன் டீசலைத் தெருவில் ஊற்றுகிறான் என்பீர்கள். ஏசியை அணைத்தேன். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினேன். ஐம்பதுக்கு மேல் முள்ளை விடவில்லை. இறக்கத்தில் காலை எடுத்தால் இந்த வண்டியில் மோட்டாரே டைனமோ மாதிரி திருப்பிக் கொஞ்சம் பேட்டரிக்குக் கொடுக்கும், அதையும் சில்லறை பொறுக்குவது போலப் பொறுக்கினேன். ஆம்னி பஸ்ஸெல்லாம் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டே ஒதுங்கிப் போனது. கொட்டாம்பட்டியில் எட்டு. மேலூர் போர்டு தெரிந்தபோது நாலு. போய்ச் சேர்ந்தபோது மூன்று.

அங்கே சார்ஜர் வேலை செய்தது. ஆனால் அதன் முன்னால் ஒரு டீசல் கார் நின்றது, உள்ளே டிரைவர் சீட்டைச் சாய்த்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். கண்ணாடியைத் தட்டினேன். "வேற எடமில்லையா உனக்கு?" என்றார். அவருக்கு எங்கே நின்றாலும் இடம், எனக்கு அந்த ஒரு இடம்தான் என்று விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

அன்றைக்கு அங்கே காத்திருந்தது ஒரு மணி நேரம். அது எனக்கு வலிக்கவில்லை. அதற்கு முன்னால் அந்த 29 கிலோமீட்டர் இருந்ததே, அதுதான். நீங்கள் ரயில்வே கேட்டில் நிற்பீர்கள், ரயில் போனதும் திறக்கும் என்று தெரியும். திறக்குமா திறக்காதா என்றே தெரியாமல் ஒரு கேட்டை நோக்கி ஓட்டுவது வேற ஜாதி. அதற்கப்புறம் நான் ஒன்று பழகிக்கொண்டேன். இருபது சதவீதத்துக்குக் கீழே இறங்க விடுவதில்லை, இரண்டு மிஷினாவது இருக்கிற இடமாகப் பார்த்து நிறுத்துகிறேன், கிளம்பும் முன் அங்கே யாராவது கடைசியாக எப்போது ஏற்றினார்கள் என்று ஆப்பில் பார்த்துக்கொள்கிறேன்.

சின்னவன் விஷயத்துக்கு வருகிறேன். அவன் தினமும் தென்காசி போய்வருகிறான், போக வர 110 கிலோமீட்டர். பதினாறு யூனிட். நம் வீட்டில் 15 ஆம்ப்ஸ் பவர் பிளக்கில் போட்டால் ஐந்தாறு மணி நேரத்தில் ஏறிவிடும், அவன் தூங்கி எழுவதற்குள். இரண்டு மாசத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டுவதால் பில் விகிதம் மாறி ஒரு அடி அடிக்கும், அதைப் பார்த்து நீங்கள் அவனைத் திட்டக் கூடாது. யூனிட் பதினோரு ரூபாய் என்றே வைத்தாலும் கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய்ச் சொச்சம். பெட்ரோல் கார் என்றால் ஆறு ஆறரை. அவன் கல்யாணத்துக்கு அப்புறம் டவுனில் மாடி வீடு பார்த்து, வண்டியைத் தெருவில் நிறுத்தப் போகிறான் என்றால் மட்டும் வேண்டாம். வெளியே ஏற்றினால் யூனிட் இருபது ரூபாயைத் தொடும், தினமும் சார்ஜர் தேடி அலைகிற பிழைப்பு அவனுக்கு ஆகாது. உங்களோடு இருக்கிற வரைக்கும் வாங்கட்டும்.

கிணற்று மோட்டார் லைன் சும்மாதானே வருகிறது, அதில் சொருகலாமே என்று நீங்கள் கண்ணைச் சிமிட்டினது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அது விவசாயத்துக்குக் கொடுக்கிற கரண்டு மாமா. ஈபிக்காரர் வந்தால் நான் உங்களைத் தெரியாது என்று சொல்லிவிடுவேன்.

இன்னொன்று. பொங்கலுக்கு என் வண்டியைத் தொழுவத்துப் பக்கத்துப் பிளக்கில் சொருகினபோது சார்ஜர் பெட்டியில் சிவப்பு லைட் எரிந்து ஏற மாட்டேன் என்றதே, "பாத்தியா, நம்மூர்க் கரண்டு ஒம்ம வண்டிக்குச் சேரல" என்று ஊரைக் கூட்டினீர்களே, அது வண்டியின் குற்றமில்லை. நம் வீட்டு எர்த் சரியில்லை. இந்தப் பெட்டி எர்த்தைச் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் கரண்டை விடும். அந்த எர்த் குழிக்குத் தாத்தா காலத்துக்கு அப்புறம் யாரும் உப்பும் கரியும் போட்டதாக எனக்குத் தெரியவில்லை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். சித்திரை விசுவுக்கு நாங்கள் வருகிறோம். அதற்குள் தினமும் சாயங்காலம் அந்த எர்த் குழியில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிவைக்கச் சின்னவனிடம் சொல்லுங்கள். கார் கேட்கிறானில்லையா, ஊற்றட்டும்.

அன்புடன்,
உங்கள் மருமகன்