ட்ரெயிலர் விளக்குகள்: பல்பை மாற்றும் முன் எர்த்தைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடைகாலக் கேம்பிங் பற்றிய உங்கள் சிறப்புப் பக்கத்தில் கூடாரம், நுளம்புத் தொல்லை, கரடிக்கு எட்டாமல் சாப்பாட்டை வைக்கும் முறை என்று எல்லாவற்றையும் விரிவாக எழுதியிருந்தீர்கள். ட்ரெயிலர் இழுத்துப் போகிறவர்களுக்கு மட்டும் ஒற்றை வரி: புறப்பட முன் பின்விளக்குகள் எரிகின்றனவா என்று பார்த்துக்கொள்ளவும். சரி, எரியாவிட்டால்? அந்த வரி அங்கேயே நின்றுவிட்டது. விக்டோரியா தின விடுமுறைக்கு முந்திய வாரத்தில் ட்ரெயிலர் திருத்தும் இடங்களில் ஆளுக்கு ஆள் முண்டியடிப்பதற்கு இந்த ரன்னிங் லைற்றும் ஒரு காரணம். வீட்டு வாசலில் வைத்தே பார்க்கக்கூடிய வேலை அது. மிச்சத்தை நான் எழுதுகிறேன்.

ஹெட்லைற் போட்டதும் ட்ரெயிலரில் கூடவே எரியவேண்டியவைதான் ரன்னிங் லைற். பின்னால் இரண்டு சிவப்பு, இலக்கத் தகட்டுக்கு ஒரு வெள்ளை, பக்கங்களில் முன்னால் செம்மஞ்சளும் பின்னால் சிவப்புமாக மார்க்கர்கள். ட்ரெயிலரின் அகலம் 80 அங்குலமோ அதற்கு மேலோ என்றால் பின்புறம் உச்சியில், நடுவில் மூன்று சிவப்பு விளக்குகள் வரிசையாக இருக்கவேண்டும். நீளம் 30 அடியைத் தொட்டால் பக்கத்தின் நடுவிலும் ஒரு செம்மஞ்சள் வேண்டும். இவை எல்லாம் ஒரே வயரில் வருகின்றன. பிரேக்குக்கும் சிக்னலுக்கும் வேறு வயர். அதனால்தான் சிக்னல் ஒழுங்காக மின்னிக்கொண்டிருக்க, ட்ரெயிலரின் மற்ற விளக்கெல்லாம் இருட்டாகக் கிடக்கிறது.

முதலில் பார்க்கவேண்டியது ஹெட்லைற் சுவிட்ச். சிரிக்கவேண்டாம். கனடாவில் 1989 டிசெம்பரிலிருந்து புதிய வாகனங்களுக்குப் பகல்நேர விளக்கு கட்டாயம். முன்னால் வெளிச்சம் விழுகிறது, டாஷ்போர்டும் ஒளிர்கிறது, ஆகவே எல்லாம் எரிகிறது என்று சாரதி நம்பிவிடுகிறார். பழைய வாகனங்கள் பலவற்றில் பகல்நேர விளக்கோடு பின்விளக்கு எரியாது, ட்ரெயிலருக்கும் மின்சாரம் போகாது. இந்தக் குறையைத் தீர்க்கும் விதி 2021 செப்டெம்பரிலிருந்து தயாராகும் வாகனங்களுக்குத்தான் வந்தது. உங்கள் வண்டி அதற்கு முந்தியது என்றால் சுவிட்சைக் கையால் திருப்பித்தான் சோதிக்கவேண்டும். ஒன்ராறியோச் சட்டப்படி சூரியன் மறைய அரை மணி முன்பிருந்து உதித்து அரை மணி கழியும் வரை விளக்குகள் எரியவேண்டும். மழையிலோ மூடுபனியிலோ 150 மீற்றரில் ஆளும் வாகனமும் தெளிவாகத் தெரியாவிட்டால் பகலிலும் அப்படியே.

சுவிட்ச் சரி, ஆனாலும் ட்ரெயிலர் இருட்டு என்றால், பிழை வண்டியிலா ட்ரெயிலரிலா என்று பிரிக்கவேண்டும். பிக்கப் வண்டிகளில் ட்ரெயிலரின் ரன்னிங் லைற்றுக்கென்று தனியாக ஒரு பியூஸ் இருக்கும், பலவற்றில் தனி ரிலேயும் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) உண்டு. வண்டியின் சொந்தப் பின்விளக்கு எரிவதை வைத்து அந்தப் பியூஸ் நல்லது என்று முடிவுகட்டக் கூடாது. எந்த இலக்கப் பியூஸ் என்பது வண்டியோடு வந்த கைநூலில் இருக்கும்.

ட்ரெயிலரைத் தனியாகச் சோதிக்க வண்டியே தேவையில்லை. ஏழு முனைப் பிளக்கில் ஒவ்வொரு முனைக்கும் அடையாள எழுத்து இருக்கும். ஜி.டி. என்றால் எர்த் (மின்சாரம் பற்றரிக்குத் திரும்பும் பாதை), டி.எம். என்றால் ரன்னிங் லைற், எல்.டி., ஆர்.டி. இரண்டும் இடது வலது சிக்னலும் பிரேக் லைற்றும், எஸ். மின்பிரேக், ஏ. என்பது பற்றரி. இந்த ஏ. முனை ட்ரெயிலரின் சொந்தப் பற்றரியோடு தொடுக்கப்பட்டது. பிளக்கைக் கழற்றித் தொங்கவிட்டாலும் அதில் 12 வோல்ட் நிற்கும். 10 அம்பியர் பியூஸ் கோர்த்த ஒரு துண்டு வயரை ஏ. முனைக்கும் டி.எம். முனைக்கும் இடையில் வைத்துப் பாருங்கள். ட்ரெயிலரின் ரன்னிங் லைற் எல்லாம் எரியவேண்டும். பியூஸ் இல்லாத வெறும் வயரால் இதைச் செய்யவேண்டாம். உள்ளே ஷோர்ட் (தோலுரிந்த வயர் உலோகச் சட்டத்தைத் தொடுவது) இருந்தால் வயர் கையிலேயே சூடேறி உருகும்.

இந்தச் சோதனையில் எரிந்து, வண்டியில் கொழுவியதும் எரியாவிட்டால் பிழை மூன்றில் ஒன்று: வண்டியின் பியூஸ், வண்டியின் சொக்கெற், அல்லது பிளக்கின் எர்த் முனை. எர்த் ஏன் இந்தப் பட்டியலில் வருகிறது என்றால், மேலே சொன்ன சோதனையில் மின்சாரம் ட்ரெயிலரின் உலோகச் சட்டம் வழியாக அதன் பற்றரிக்கே திரும்பிவிடுகிறது. பிளக்கின் எர்த் அங்கே சோதிக்கப்படுவதே இல்லை.

இந்தப் பிளக்கில் பச்சைக் களிம்பு பிடிப்பதற்கும் அந்த ஏ. முனையே காரணம். ஈரம் பட்டால் 12 வோல்ட் ஈரத்தினூடே பக்கத்து முனைகளுக்கு ஓடி உலோகத்தை அரிக்கிறது. பனிக்காலத்தில் வீதியில் கொட்டும் உப்பு மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். கழற்றிய பிளக்கைப் புல்லில் போடாமல் முகம் கீழே பார்க்கத் தொங்கவிடுங்கள். களிம்பைச் சிறிய பித்தளைத் தூரிகையாலும் மின்முனை துப்புரவுத் திரவத்தாலும் எடுக்கலாம், அதற்கு முன் பற்றரியைக் கழற்றிவிடுங்கள். டைஎலெக்ரிக் கிரீஸ் பூசுவது நல்லதுதான், ஆனால் அது மின்சாரத்தைக் கடத்தாத பொருள். மெல்லிய பூச்சாகப் பூசவேண்டியதை அப்பி நிரப்பி வைப்பவர்கள் நிறையப் பேர்.

இனி எர்த். ஒளி மங்கலாக இருக்கிறது, இடது சிக்னல் போட்டால் மார்க்கர்களும் சேர்ந்து மினுங்குகின்றன, பிரேக்கை மிதித்தால் ரன்னிங் லைற் அணைகிறது: இந்த மூன்றில் எது தெரிந்தாலும் பல்பைத் தொடவே வேண்டாம், எர்த்தைத் தேடுங்கள். பின்விளக்கில் இருக்கும் 1157 என்ற இலக்கப் பல்பில் இரண்டு இழைகள் இருக்கின்றன. ஒன்று ரன்னிங் லைற்றுக்கு, மற்றது பிரேக்குக்கும் சிக்னலுக்கும். இரண்டுக்கும் திரும்பும் பாதை ஒன்றுதான். அது அறுந்தால் ஒரு இழைக்குள் வந்த மின்சாரம் மற்ற இழைக்குள் புகுந்து, வேறு விளக்கின் வயர் வழியாக வெளியேறப் பார்க்கிறது. அந்தக் குழப்பம்தான் வெளியே மினுக்கமாகத் தெரிகிறது.

இன்னுமொரு மாயம் உண்டு. கொழுவி நிற்கும்போது எல்லாம் எரியும், வீதியில் பள்ளத்தில் விழுந்தால் அணைந்து அணைந்து எரியும். பிளக்கின் வெள்ளை வயர் அறுந்துபோய், மின்சாரம் இழுவைக் குண்டு (ட்ரெயிலரைக் கொழுவும் உருண்டை) வழியாக வண்டிக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். குண்டில் கிரீஸ் பூசினால் அந்தப் பாதையும் போய்விடும். உறுதிசெய்ய ஜம்பர் கேபிள் ஒன்றின் ஒரு நுனியை ட்ரெயிலர் சட்டத்தில் பூச்சில்லாத உலோகத்திலும், மறு நுனியை வண்டியின் சட்டத்திலும் கடிக்கவையுங்கள். விளக்குகள் பளிச்சென்று எரிந்தால் பிழை பிளக்கின் எர்த்தில் இருக்கிறது.

எர்த்தைத் திருத்தும்போது அரைகுறை வேலை செய்யக்கூடாது. வெள்ளை வயர் சட்டத்தைத் தொடும் இடம் பெரும்பாலும் முன்பக்க ஏ வடிவக் கம்பியில், ஒரு தகட்டு ஸ்குரூவில் இருக்கும். ஸ்குரூவை இறுக்கினால் போதாது, அதைச் சுற்றிய துருவே தடை. கழற்றி, பெயின்ற்றும் துருவும் போய் உலோகம் வெள்ளையாகத் தெரியும்வரை உரசி, புதிய வளைய முனையும் பல்லுள்ள வாஷரும் போட்டு, போல்ற்றும் நட்டுமாக முடுக்கி, மேலே துருத்தடுப்புப் பூசவேண்டும். பின்விளக்கிலும் இதே கதைதான். விளக்கின் உடலே எர்த்தாக இருக்கும் மாதிரி என்றால், ஒவ்வொரு விளக்குக்கும் தனி வெள்ளை வயர் இழுத்துவிடுவதையே நான் சொல்வேன். பல வருடத்துக்குத் திரும்பிப் பார்க்கவேண்டி வராது.

வோல்ட் அளக்கும் மீற்றர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. விளக்கைக் கழற்றிவிட்டு வயர் நுனியில் டிஜிட்டல் மீற்றரை வைத்தால் 12.6 வோல்ட் காட்டும். உடனே வயர் நல்லது என்று விளக்கை மாற்றுகிறார்கள். மீற்றர் இழுக்கும் மின்சாரம் இம்மியளவு. வயரின் பத்தொன்பது இழைகளில் ஒன்று மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தாலும் அந்த அளவு வந்து சேர்ந்துவிடும். கணக்கைப் பாருங்கள். 1157 பல்பின் சிறிய இழை சுமார் 0.6 அம்பியர், மார்க்கர்களில் இருக்கும் 194 பல்ப் ஒவ்வொன்றும் 0.27 அம்பியர். பின்னால் இரண்டு, மார்க்கர் பத்து, இலக்கத் தகட்டுக்கு ஒன்று என்றால் கூட்டுத்தொகை 4 அம்பியருக்குச் சற்று மேலே. அந்த 4 அம்பியர் போகும் பாதையில் களிம்பு ஒரேயொரு ஓம் தடையை வைத்தாலும் 3 வோல்ட் அளவு அங்கேயே போய்விடும், பல்பின் ஒளி பாதிக்கும் கீழே இறங்கும். ஆகவே மீற்றருக்குப் பதில் ஒரு பல்ப் சொக்கெற்றில் இரண்டு வயரும் கிளிப்பும் பொருத்திச் சோதனை விளக்கு ஒன்று செய்துகொள்ளுங்கள். மீற்றர்தான் வேண்டும் என்றால் விளக்குகளை எரியவிட்டபடி, விளக்கின் எர்த்துக்கும் பிளக்கின் ஜி.டி. முனைக்கும் நடுவில் அளவிடுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கெட்டது.

வயரின் நிறத்தை நம்பி வேலை செய்யவேண்டாம். நான்கு முனைத் தட்டைப் பிளக்கில் மண்ணிறம் ரன்னிங் லைற், மஞ்சள் இடது, பச்சை வலது. கேம்பிங் ட்ரெயிலர் செய்பவர்கள் கைக்கொள்ளும் நிறமுறையில் பச்சைதான் ரன்னிங் லைற், மண்ணிறம் வலது சிக்னல், சிவப்பு இடது. புதுப் பிளக் வாங்கி நிறத்துக்கு நிறம் தொடுத்தவர்களின் ட்ரெயிலரில் ஹெட்லைற் போட்டால் வலது சிக்னல் எரிவதற்கு இதுதான் காரணம். வெள்ளை மட்டும் இரண்டிலும் எர்த். மற்றவற்றை முனையின் எழுத்தைப் பார்த்தே தொடுக்கவேண்டும்.

பியூஸ் திரும்பத் திரும்பப் போகிறது என்றால் எங்கோ வயர் தோலுரிந்து சட்டத்தைத் தொடுகிறது. பெரிய பியூஸ் போட்டு ஏமாற்றுவது நெருப்புக்கு வழி. முதலில் பல்புகளை எல்லாம் கழற்றுங்கள், இல்லாவிட்டால் பல்பின் இழையும் சோதனையில் ஷோர்ட் போலவே தெரியும். பிறகு பியூஸ் இருந்த இடத்தில் சோதனை விளக்கைக் கோர்த்துவிடுங்கள். அது முழு ஒளியில் எரியும்வரை ஷோர்ட் இருக்கிறது. முன்பக்கம் வயர்கள் சேரும் பெட்டியைத் திறந்து, உள்ளே போகும் வயர்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டு வாருங்கள். எதைப் பிரிக்கும்போது விளக்கு அணைகிறதோ அந்தக் கிளையில்தான் குற்றம். பிறகு கண்ணால் தேட வேண்டியதுதான்: ரப்பர் வளையம் இல்லாத சட்டத் துளை, அச்சுக்கு மேலே தொங்கும் வயர், நிழற்கூரையோ ஏணியோ பூட்ட சுவரில் புதிதாக இறக்கிய ஸ்குரூ. கடைசியாகச் சொன்னதை முதலில் பாருங்கள்.

அந்தப் பெட்டிக்குள்ளேயே வீட்டு வயரிங்குக்குப் போடும் பிளாஸ்ரிக் திருகுமூடிகளால் வயர்கள் முடியப்பட்டிருப்பதைக் காண்பீர்கள். ஓடும் வண்டியின் அதிர்வுக்கு அவை தாங்காது. வெட்டி எறிந்துவிட்டு, சூடாக்கினால் உள்ளே பசை உருகி ஒட்டும் சுருங்குகுழாய் இணைப்பிகளைப் போடுங்கள். வயரின் தடிப்பு ரன்னிங் லைற்றுக்கு 14 கேஜ், எர்த்துக்கு 10 கேஜ். வயரின் தோலைக் கீறிக் கடிக்கும் நீல நிறக் கிளிப் இணைப்பிகள் உப்பு வீதிக்கு ஆகாது.

ஒரேயொரு மார்க்கர் மட்டும் எரியாவிட்டால் அநேகமாகத் தண்ணீர். கூரையோரத்தில் இருக்கும் முன் விளக்குகளுக்குத்தான் இது கூடுதலாக வரும். பழைய சீலன்ற்றைச் சுரண்டி எடுத்து, விளக்கின் மேல்பக்கத்திலும் இரு ஓரங்களிலும் மட்டும் புதியதைப் பூசுங்கள். அடிப்பக்கத்தைத் திறந்தே விடுங்கள், உள்ளே போன நீர் வெளியேற வழி வேண்டும். கூரைக்குப் போடும் தானாகப் பரவும் சீலன்ற் சுவரில் வழிந்துவிடும், நிற்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள். சுவர் அந்த இடத்தில் மெத்தென்று இருந்தால் விளக்கை விட்டுவிட்டு மரம் உளுத்திருக்கிறதா என்று பாருங்கள். அது பெரிய செலவு.

எல்.ஈ.டி. விளக்குக்கு மாறுவது நல்ல யோசனை, மின்சாரம் மிகக் குறைவு. ஆனால் எர்த் கெட்ட ட்ரெயிலரில் பூட்டினால் கொஞ்சநாள் எரிந்து நோயை மறைக்கும், அவ்வளவுதான். கூட்டல் கழித்தல் மாறினால் எல்.ஈ.டி. எரியாது. பல்ப் போனதை அறிவிக்கும் வசதியுள்ள வண்டி சிறு துடிப்புகளை அனுப்பிப் பார்ப்பதால் எல்.ஈ.டி. மெல்ல மினுங்கலாம், அதற்குத் தகுந்த தடைக் கருவி தனியாக விற்கிறார்கள்.

வழியில் இருட்டி, திருத்த வழியும் இல்லை என்றால் நான்கு சிக்னலையும் மின்னவிட்டபடி ஓடுவது தீர்வல்ல. பற்றரியில் இயங்கும், காந்தத்தால் ஒட்டும் பின்விளக்குச் சோடி ஒன்றை ட்ரெயிலரில் எப்போதும் வைத்திருக்கலாம். வாங்க முன் ஒன்றைக் கவனியுங்கள்: கேம்பிங் ட்ரெயிலரின் சுவர் அலுமினியம் அல்லது ஃபைபர்கிளாஸ், காந்தம் அதில் ஒட்டாது. பின்பக்க இரும்பு பம்பரில்தான் நிற்கும், அங்கேயும் ஒரு கட்டுக்கயிறு போட்டுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ட்ரெயிலர் மின்வேலை செய்யும் வாசகர்,
ஸ்காபரோ